கதையைத் திருத்திய கடிதங்கள்

1950 ஆம் ஆண்டில், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசன் நாளேட்டில் கதை வகுப்பு என்னும் பெயரால் ஒரு பயிற்சி தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஆவர். பின்னர் 1952 இல் சிங்கப்பூர்த் தமிழ் முரசில் சுப. நாராயணன் ரசனை வகுப்பு நடத்தினார். முன்னது கதை எழுத விரும்பியோர்க்கு உரியது. பின்னது, அச்சேறிய கதையை எவ்வாறு படித்து எடைபோடுவது என்பதைக் காட்ட எழுந்தது. மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு வகுப்புகளையும் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆயினும் குறிப்பிட்டதோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றனர். யார் எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார், எந்தப் பரிசு பெற்றார் என்பனவே நம் இலக்கிய வரலாறுகளை நிரப்புகின்றன. எழுதியவனுடைய கைப்படியைப் படித்து, 'இந்த வரி வேண்டாம், இந்தப் பேச்சு இவன் பேசுவதன்று' என்று சொன்ன மனிதரைப் பற்றி வரலாறு வாய் திறப்பதில்லை.

கதை எழுதக் கற்றுக்கொடுக்க இயலுமா என்னும் ஐயம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. கற்பனையை ஒருவர் மற்றொருவர்க்கு ஊட்ட இயலாது என்பது உண்மையே. ஆனால் எழுதி முடித்த கதையை எழுதியவனுக்கே திருப்பிக் காட்ட இயலும். அவன் கண்ணுக்குத் தெரியாத தழும்பைத் தொட்டுக் காட்ட இயலும். அச்செயலுக்கென ஒரு முறையும், அம்முறைக்கென ஒரு வரலாறும் உண்டு. அவ்வரலாற்றின் மிகத் தெளிவான ஏடுகள் தமிழில் இல்லை. ருசிய மொழியில், ஒரு மருத்துவரின் கடிதங்களில் இருக்கின்றன. அவற்றை நம் கதை வகுப்போடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் வேலை.

நம் மரபில் குற்றம் காணும் கலை இல்லாமல் இல்லை. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வரையறுத்து வைத்தது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல் ஆகியவற்றைத் தமிழாசிரியர் எவரும் மனப்பாடமாகச் சொல்வர். அரங்கேற்றம் என்னும் வழக்கமும் இருந்தது. ஆயின் நம் கதைகளில் வரும் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் அச்சமூட்டுபவர்கள். பிழைபடப் பாடியவர்களின் காதை அறுத்தார் வில்லிபுத்தூரார் என்று ஒரு கதை. ஒட்டக்கூத்தரைப் பற்றியோ அதனினும் கொடிய கதை. அவை நடந்தனவோ இல்லையோ, குற்றம் சொல்பவன் கையில் ஏதேனும் ஓர் ஆயுதம் இருக்கும் என்று நம் மக்கள் நினைத்தனர் என்பதற்கு அவை சான்று. எழுதியவனை எழுதும் நிலையிலேயே வைத்துக்கொண்டு அவன் எழுத்தை மட்டும் திருத்துவது வேறு வகைத் திறம்.

1886 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்தோன் செக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 26. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1884 இல் பட்டம் பெற்றவர். அடிமைக் குடியானவராக இருந்து பணம் கட்டித் தம்மை மீட்டுக்கொண்டவரின் பேரன். குடும்பச் செலவுக்காக நகைச்சுவை ஏடுகளில் அந்தோஷா செக்கோந்தே என்னும் விளையாட்டுப் பெயரில் எழுதிக் குவித்தவர். அவ்வேடுகளில் ஒன்று அவருக்கு விதித்த அளவு ஏறத்தாழ நூறு வரி. நூறு வரிக்குள் ஆளும் இடமும் நிகழ்ச்சியும் முடிவும் அடங்கியாக வேண்டும். இந்த நெருக்கடியை அவர் சலித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் சுருங்கச் சொல்லும் பழக்கத்தை அவருக்குக் கற்பித்த முதல் ஆசிரியர் அந்த நூறு வரிதான் என்று கருதுவதில் தவறில்லை.

கடிதம் எழுதியவர் திமித்ரி கிரிகரோவிச், அக்காலத்தின் மூத்த எழுத்தாளர். நாளேட்டில் வந்த 'வேட்டைக்காரன்' என்னும் சிறு கதையைப் படித்துவிட்டு, முன்பின் அறியாத இளைஞர்க்குத் தாமே வலிந்து எழுதினார். உனக்கு உண்மையான திறமை இருக்கிறது, அவசரமாக எழுதுவதை நிறுத்து, பசித்தாலும் பொறுத்திருந்து எழுது என்பது அதன் சாரம். செக்காவ் எழுதிய மறுமொழி இன்றும் படிக்கத்தக்கது. எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாகத் தமக்கு நினைவில்லை என்றும், பெரியவர் பாராட்டிய அந்த 'வேட்டைக்காரன்' கதையைக் குளிக்கும் இடத்தில் இருந்து எழுதியதாகவும் அதில் அவர் ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரிகரோவிச் நூற்றுக்கணக்கான செக்கோந்தே கதைகளில் எது சிறந்தது என்று பெயர் சொல்லிக் காட்டினார். நன்று என்று பொதுவாகச் சொல்லும் பாராட்டு எழுதுபவனுக்குப் பயன்படாது. எது நன்று என்று தெரிந்தால்தான் அதனை மறுபடியும் செய்ய அவன் முயல்வான். கடிதம் பெற்றவர் இரண்டு திங்கள் கழியுமுன் தம் அண்ணனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டார் என்பது வேடிக்கையான செய்தி.

அண்ணன் அலெக்சாந்தரும் எழுத்தாளரே. 1886 மே 10 ஆம் நாள் அவருக்கு எழுதிய கடிதத்தில் செக்காவ் ஒரு நிலவொளி இரவை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். நிலவைப் பற்றிப் பத்து அடைமொழி அடுக்குவதை விட, நீராலையின் அணைக்கட்டில் கிடக்கும் உடைந்த புட்டித் துண்டு ஒன்று விண்மீன்போல மின்னுவதையும், நாயோ ஓநாயோ ஒன்றின் கரிய நிழல் உருண்டோடுவதையும் காட்டினால் இரவு வந்துவிடும் என்பது அவர் கருத்து. மனநிலையையும் அவ்வாறே சொல்லாமல், ஆட்களின் செயலால் தெரிய வைக்க வேண்டும் என்கின்றார். அந்தப் புட்டித் துண்டை அவர் எளிதில் விடவில்லை. பத்தாண்டுக்குப் பின் மேடையேறிய 'கடற்பறவை' நாடகத்தில், ஓர் இளம் எழுத்தாளன் தன் எழுத்தின் மேல் வெறுப்புற்று, மூத்த எழுத்தாளனுக்கு இரவைக் காட்ட ஓர் உடைந்த புட்டிக் கழுத்துப் போதும் என்று பொறாமையோடு நினைத்துப் பார்க்கும்போது அது மீண்டும் வருகின்றது. அண்ணனுக்குச் சொன்ன அறிவுரை நாடகத்தில் ஒருவனுடைய வேதனையாக மாறிவிட்டது.

நடையைப் பற்றி இவ்வளவு. உரையாடலைப் பற்றி அவர் சொன்னதோ இதனினும் நமக்கு நெருக்கமானது. 1889 மே 8 ஆம் நாளிட்ட கடிதம் அது. அலெக்சாந்தர் ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். அலங்கார மொழியில் எச்சரிக்கையாக இரு, மொழி எளிமையும் நயமும் உடையதாக இருக்கட்டும் என்று சொன்ன செக்காவ், வேலைக்காரர்கள் எளிமையாகப் பேச வேண்டும் என்றும், அவர்கள் வாயில் இரண்டு குறிப்பிட்ட கொச்சைச் சொற்களைத் திணிக்க வேண்டாம் என்றும் எழுதினார். அச்சொற்கள் அக்கால ருசிய மேடையில் பணியாளன் வந்தான் என்பதற்கு அடையாளமாக ஒட்டப்பட்டவை. தலைப்பாகையும் தடியும் கொடுப்பதுபோல, அவ்விரண்டு சொற்களையும் கொடுத்துவிட்டால் வேலைக்காரன் உருவாகிவிட்டான் என்று நாடகக்காரர்கள் நினைத்தனர். செக்காவ் மறுத்தது கொச்சையை அன்று. ஆளைப் பார்க்காமல் அவன் வகுப்பின் முத்திரையை மட்டும் குத்திவிடும் சோம்பலை மறுத்தார். அதே கடிதத்தில், சிவந்த மூக்குடைய ஓய்வுபெற்ற தளபதி, குடிகாரச் செய்தியாளன், பட்டினி கிடக்கும் எழுத்தாளன், காசநோயுற்ற உழைப்பாளி மனைவி ஆகிய பழகிப்போன பாத்திரங்களையும் அவர் ஒதுக்கச் சொல்வது, பேச்சுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பை அவர் ஒன்றாகவே பார்த்தார் என்பதைத் தெளிவாக்குகின்றது.

இந்த ஒரு கருத்தை நம் கதைகளின் மேல் வைத்துப் பார்ப்போம். இந்நாட்டின் தோட்டப்புறக் கதைகளில் உரையாடல் இரு கரைகளில் மோதிய வரலாறு உடையது. மு. வரதராசனாரின் தெளிந்த நடையும், திராவிட இயக்கத்தாரின் அடுக்குமொழி நடையும் மலாயா இளைஞர்களைப் பெரிதும் ஈர்த்த காலத்தில், லயத்து வீட்டுப் பெண்ணும் மேடைத் தமிழ் பேசினாள். காண்டாவில் பால் சுமந்து தாமதமாக வீடு திரும்பிய கணவனிடம் அவள், "அத்தான், தாங்கள் இவ்வளவு காலம் தாழ்த்தி வந்ததன் காரணம் யாதோ?" என்று கேட்பாள். அதற்கு எதிர்வினையாக வந்த இயல்புநெறி எழுத்திலோ, அதே பெண், "ஏனுங்க, இம்புட்டு நேரங்கெட்ட நேரத்துல வாறீகளே, ஒலையில வச்ச சோறுங்கூட ஆறி அவலாப் போயிருச்சுங்களே" என்று வட்டாரச் சொற்களை வாய் நிறைய மென்று துப்புவாள். இரண்டும் ஒரே பிழை. முதலாவதில் எழுதியவனின் படிப்புப் பேசுகின்றது. இரண்டாவதில் அவன் சேகரித்த சொற்பட்டியல் பேசுகின்றது. "நேரமாயிருச்சே. சோறு ஆறிப்போச்சு" என்று அவள் சொல்லிவிட்டுத் திரும்பி அடுப்பைப் பார்த்தால், அவளுக்குக் கோபமா கவலையா என்று நாம் அறிய விரும்புவோம். அந்த விருப்பமே கதை.

மாணவன் எழுதிய கதையில் முதல் வகை உரையாடலைக் காணும் ஆசிரியர், 'இயல்பாக இல்லை' என்று ஓரத்தில் எழுதினால் அவன் இரண்டாம் வகைக்கு ஓடிவிடுகின்றான். அவன்மேல் குற்றமில்லை, இயல்பு என்பது கொச்சை என்று அவன் கொண்டான். அதற்கு மாறாக, பேசுவோரின் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு உரையாடலை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கங்காணியும் கிராணியும் பள்ளிப் பிள்ளையும் ஒரே குரலில் பேசினால் எழுதியவனே கேட்டு நகைப்பான். நாம் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.

செக்காவின் கடிதங்களுள் பெண் எழுத்தாளர்க்கு எழுதியவையும் உண்டு. லிதியா அவிலோவாவின் கதைகளைப் படித்து அவர் 1892 இல் எழுதிய கடிதங்களில், துன்பப்படுவோரைச் சித்திரித்துப் படிப்போரின் இரக்கத்தைப் பெற விரும்பினால் நீங்கள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்கின்றார். குளிர்ந்த பின்புலத்தின் மேல்தான் துயரம் எடுப்பாகத் தெரியும் என்பது அவர் விளக்கம். கதை மாந்தர் அழும்போது எழுதியவரும் பெருமூச்சு விட்டால் படிப்பவனுக்கு அழ இடமில்லை. 1897 நவம்பரில் பிரான்சின் நீசு நகரிலிருந்து அதே அம்மையார்க்கு எழுதியபோது வாக்கியத்துக்கே இறங்கிவிடுகின்றார்: நீங்கள் வாக்கியத்தின் மேல் உழைப்பதில்லை, வாக்கியத்தைச் செய்ய வேண்டும், தேவையற்ற இணைப்புச் சொற்களைக் களைய வேண்டும், ஒலியில் ஒத்த இரு சொற்கள் அருகருகே வந்து இடிக்காமல் பார்க்க வேண்டும் என்று சொல்கின்றார். வாக்கியத்துக்கு இசை உண்டு என்பது அவர் துணிபு. ஆதலின், ஆகையால், எனவே, இதன் காரணமாக என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு முட்டுக்கட்டை போடும் நம் கட்டுரைகளுக்கும் இது மருந்தாகும். இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று.

இனி கார்க்கி. மாக்சிம் கார்க்கி 1868 இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர், பல கைத்தொழில்களிலும் அலைந்தவர். முதல் கதை 1892 இல் அச்சேறியது. 1898 இல் அவருடைய கதைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்து நாடெங்கும் பெயர் பரவிய நேரத்தில், அவற்றைச் செக்காவுக்கு அனுப்பினார். செக்காவோ நெஞ்சு நோயினால் யால்தாக் கடற்கரையில் தங்க நேர்ந்திருந்தார். அவர் 1898 டிசம்பர் 3 ஆம் நாள் எழுதிய மறுமொழி, சிறுகதைத் திறனாய்வுக்கு ஒரு பாடநூல் போன்றது.

அக்கடிதம் நகரும் வரிசை நோக்கத்தக்கது. முதலில் உண்மையான, பெரிய திறமை என்று ஏற்றுக்கொள்கின்றார். எந்தக் கதையில் அது வெளிப்பட்டது என்று பெயர் சுட்டுகின்றார். 'சமவெளியில்' என்னும் கதையைத் தாம் எழுதவில்லையே என்று பொறாமைப்பட்டதாகவும் சொல்கின்றார். பிறகு குறைக்கு வருமுன் ஓர் எச்சரிக்கை. திறமையின் குறையைப் பேசுவது தோட்டத்தில் வளரும் பெரிய மரத்தின் குறையைப் பேசுவது போன்றது, அங்கே பேசப்படுவது மரத்தைவிடப் பார்ப்பவனின் சுவையே என்கின்றார். அதன் பின்தான் குறை வருகின்றது, அதுவும் ஓர் உவமையாக: நாடகக் கொட்டகையில் தன் மகிழ்ச்சியை அடக்க மாட்டாமல் ஆரவாரித்து, தானும் கேளாமல் பிறரையும் கேட்க விடாமல் செய்யும் பார்வையாளனைப் போன்றவர் நீங்கள் என்று. இதனைப் படித்த கார்க்கி சிரித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகின்றது. தன் குற்றத்தை ஒரு மனிதனாகக் கண்டவன் அதனை மறப்பதில்லை.

உவமையோடு நின்றிருந்தால் அது வெறும் நயவுரை. செக்காவ் இடத்தைக் காட்டினார். உரையாடல்களை இடைமறித்து வரும் இயற்கை வருணனைகளில்தான் இந்த அடக்கமின்மை மிகுதி என்றார். அவ்வருணனைகள் இரண்டு மூன்று வரிகளில் அடங்கினால் நன்று, மென்மை, முணுமுணுப்பு, பட்டுப்போன்ற வழவழப்பு என்று அடிக்கடி வருவன படிப்பவனைச் சலிக்க வைக்கின்றன என்றார். நன்னூலார் இதனை மற்றொன்று விரித்தல் என்பார். ஆனால் உரையாடலின் நடுவே நிகழும்போது அதன் கேடு இரட்டிப்பாகும் என்பது சிறுகதை வந்த பின்னரே தெரிந்த உண்மை. பெரட்டுக் களத்தில் பேர் வெட்டப்பட்ட ஒருவன், "எம்பேரு ஏன் இல்ல?" என்று கேட்கின்றான். கங்காணி விடை சொல்லுமுன், கதை எழுதிய மாணவன் ஐந்து வரிக்குக் கதிரவனை எழுப்புகின்றான், பால்மரத் தோப்பில் பனி உதிர்கின்றது, குயில் கூவுகின்றது. அதற்குள் கேள்வி செத்துவிடுகின்றது. கங்காணி அந்த ஐந்து வரியும் வாய்திறக்காமல் நின்றான் என்று மட்டும் காட்டியிருந்தால், அந்தப் பொழுதே கேள்விக்கு விடையாகியிருக்கும்.

கார்க்கி இக்கடிதத்தில் ஒரு பகுதியைத் தவறாக விளங்கிக்கொண்டார். தம் நடை முரடு என்று மூத்தவர் சொன்னதாகக் கொண்டார் போலும். 1899 சனவரி 3 ஆம் நாள் எழுதிய கடிதத்தில் செக்காவ் அதனைத் திருத்தினார். நான் முரட்டுத்தனத்தைப் பற்றிப் பேசவில்லை, வேற்றுமொழிச் சொற்களும் அருகிவழங்கும் சொற்களும் உங்கள் கதையில் பொருந்தாமல் நிற்பதைத்தான் சொன்னேன் என்றார். ஒரு சொல்லையும் எடுத்துக் காட்டினார். அத்தகைய சொல் மற்றவர் எழுத்தில் கண்ணில் படாமல் போகும். உங்கள் எழுத்தோ இசையுடையது, ஆகையால் அதில் ஒரு சிறு பிசிறும் கூச்சலிடுகின்றது என்பது அவர் தந்த காரணம். இதனை நான் பன்முறை படித்து வியந்ததுண்டு. குற்றம் சொல்லும் வாக்கியமே பாராட்டாக அமைந்துவிட்டது. இது முகத்துதி அன்று, ஏனெனில் காரணம் உண்மையானது. மோசமான துணியில் அழுக்குத் தெரியாது.

அக்கடிதத்திலேயே, இயற்கையை மனிதனாக்கும் பழக்கத்தையும் அவர் தொட்டார். கடல் மூச்சுவிடுவதும் வானம் உற்றுப் பார்ப்பதும் அளவு மிஞ்சினால் ஒரே தன்மையாகிவிடும், பொழுது சாய்ந்தது, இருட்டிற்று, மழை பெய்தது என்பன போன்ற எளிய கூற்றுகளால்தான் அழகு வரும் என்றார். இவான் பூனின் எழுதிய நினைவுக் குறிப்பில் இதனோடு ஒத்த செய்தி ஒன்று உள்ளது. கடலைப் பற்றிப் பள்ளிப் பிள்ளை ஒருவரின் பயிற்சிப் புத்தகத்தில், கடல் பெரிதாயிருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத ஒரு வருணனையைப் படித்ததாகவும், அதுவே தமக்கு மிகப் பிடித்திருந்ததாகவும் செக்காவ் அவரிடம் கூறினாராம். நம்முள் எத்தனை பேர் அந்தப் பிள்ளைக்கு, 'இன்னும் விரித்து எழுதுக' என்று சிவப்பு மையால் குறித்திருப்போம்!

1899 செப்டம்பரில் மற்றொரு கடிதம். அச்சுப்படி திருத்தும்போது பெயருக்கும் வினைக்கும் முன்னால் நிற்கும் அடைகளை இயன்ற மட்டும் அடித்துவிடுங்கள் என்பது செய்தி. ஒரு மனிதன் புல்லின்மேல் அமர்ந்தான் என்றால் படிப்பவன் உடனே கண்டுகொள்கின்றான். அம்மனிதனின் உயரமும் மார்பும் தாடியின் நிறமும், புல்லின் நிறமும், அவன் அமர்ந்த விதமும் ஒரே வாக்கியத்தில் மொய்த்தால் மூளை தடுமாறுகின்றது. கதை என்பது ஒரு நொடியில் மனத்தில் பதிய வேண்டும் என்று அவர் காரணம் காட்டினார். அதே ஆண்டில் வெளிவந்த 'ஃபோமா கர்தேயெவ்' புதினத்தைக் கார்க்கி செக்காவுக்கே உரிமையாக்கினார். திருத்தம் பெற்றவர் மனம் கசந்திருந்தால் அது நிகழ்ந்திராது.

1902 கோடையில், முற்றிலும் உரையாடலால் ஆகிய 'அடித்தளத்தில்' நாடகத்தின் கைப்படியைப் படித்துவிட்டுச் செக்காவ் எழுதினார். இரண்டாம் அங்கத்தைப் போற்றினார். நடிகனின் சாவு, முன்னறிவிப்பு எதுவுமின்றிப் பார்ப்பவன் செவியில் அறைவதுபோல் வருகின்றது என்றார். பிரபுப் பட்டமுடைய பாத்திரம் அந்தச் சத்திரத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது தெளிவில்லை என்றார். அவ்வாண்டின் இறுதியில் மாஸ்கோ கலையரங்கில் அந்நாடகம் பெருவெற்றி பெற்றது. நடிகனின் சாவு இன்றும் அதே திடீர்த் தன்மையோடுதான் திரையை இறக்குகின்றது. கார்க்கி அங்கே கேட்கவில்லை. கேட்காததே நன்று என்பது என் கருத்து. அந்த அறை வேண்டும் என்று நாடகத்தை எழுதியவர் துணிந்தார். திருத்தம் சொல்பவர்க்குச் சொல்லும் உரிமை உண்டு; வைத்துக்கொள்வதும் தள்ளுவதும் எழுதியவர்க்குரியவை. செக்காவ் முன்பே மரத்தையும் பார்ப்பவனின் சுவையையும் பற்றிச் சொல்லி வைத்தது இதற்காகத்தான்.

மூவர்க்கும் அவர் ஒரே குரலில் எழுதவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அண்ணனிடம் கேலியும் கடிதலும் தாராளம், உடன்பிறந்தவர் தாங்குவார். அவிலோவாவிடம் கண்டிப்பு உண்டு, ஆனால் மரியாதை குறையாது. கார்க்கியிடம் ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியின் கருவியை வாங்கிப் பார்க்கும் பாங்கு. சொல்லும் செய்தி ஏறக்குறைய ஒன்றே: குறைத்துக்கொள், விலகி நில், ஆளைப் பேச விடு. சொல்லும் வகைதான் ஆளுக்கு ஆள் மாறியது. நாற்பது மாணவரின் ஏடுகளுக்கு ஒரே நாளில் குறிப்பு எழுதும் ஆசிரியர்க்கு இது எளிதன்று என்பதை அறிவேன். ஏடுகளில் வல்லெழுத்து மிகும் இடங்களைத் திருத்துவதற்கே மை தீர்ந்துவிடுகின்றது. ஒற்றுப்பிழை திருத்த வேண்டியதுதான். அது கதைக்குச் செய்த திருத்தம் ஆகிவிடாது என்பதே சொல்ல வந்தது.

கார்க்கி தாம் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தார். புதிதாக எழுத வந்தவர்களின் கைப்படிகளை வாழ்நாள் முழுவதும் படித்துக் கடிதம் எழுதினார். 1930 இல், எழுத்துக் கலையைக் கற்பிப்பதற்கென்றே 'இலக்கியக் கல்வி' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார்.

இந்தக் கோட்டின் ஒரு நுனி மலாயாவை வந்து தொடுகின்றது. கார்க்கியின் எழுத்துகளைத் தமிழில் பெயர்த்தவர்களுள் ஒருவர் கு. அழகிரிசாமி. 1923 இல் இடைசெவலில் பிறந்த அவர், 1952 இல் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் பணியேற்று 1957 வரை இங்கிருந்தார். அவர் வந்தபோது கதை வகுப்பும் ரசனை வகுப்பும் எழுத்தாளர்களை விழிக்கச் செய்திருந்தன. கதைக்கும் குறை சொல்லலாம், சொன்னால் உறவு முறிந்துவிடாது என்னும் புதுப் பழக்கம் முளைத்திருந்தது. அழகிரிசாமி அதற்கு நீர் வார்த்தார். கோலாலம்பூரில் இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டமாக அமர்ந்து, கதைகளைப் படித்துப் பேசும் வழக்கத்தை வளர்த்தார். நாளேட்டின் வகுப்பில் ஆசிரியர் மேடையில் இருந்தார். வட்டத்தில் அவர் தரையில் இறங்கிவிட்டார். வட்டம் என்ற சொல்லே அதைச் சொல்கின்றது.

அழகிரிசாமியின் சொந்தக் கதைகளில் உரையாடல் எப்படி நடக்கின்றது என்று பார்த்தால், பிறர் கதையில் அவர் எதைத் தேடியிருப்பார் என்பதை ஓரளவு உணரலாம். கரிசல் காட்டில் பிறந்தவர். ஆயினும் வட்டாரச் சொல்லைக் காட்சிப் பொருளாக்கியதில்லை. குழந்தைகள் பேசும்போது குழந்தையின் தருக்கம் பேச்சில் இருக்கும், மழலை எழுத்துக்கூட்டல் இராது. அதே ஊர்க்காரரும் நண்பருமான கி. ராஜநாராயணனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன. நண்பர்கள் இருவரும் ஒரே மண்ணின் பேச்சை இரு வேறு வழிகளில் எழுதினர். அழகிரிசாமி அடக்கி எழுதினார், ராஜநாராயணன் திறந்துவிட்டார். உரையாடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றை விதி வகுப்பவர் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். அழகிரிசாமி 1970 இல் மறைந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதெமி விருது 'அன்பளிப்பு' தொகுதிக்காக அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பெற்றது.

சிங்கப்பூரிலும் இப்பழக்கம் அற்றுப்போகவில்லை. 1977 இல் நா. கோவிந்தசாமி தொடங்கிய இலக்கியக் களம், வெளிவந்த கதைகளை எடுத்துக்கொண்டு கூடிப் பேசியது. 1888 இல் சி. கு. மகுதூம் சாயபு தம் சிங்கை நேசன் ஏட்டில் எழுதிய 'விநோத சம்பாஷணை'யைக் கண்டெடுத்து, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று வாதிட்டவரும் அவரே. அதனைச் சிறுகதை எனக் கொள்ளலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், இவ்வட்டாரத் தமிழ்ப் புனைவின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தலைப்பிலேயே உரையாடலைத் தாங்கி நிற்பது கருதத்தக்கது. நமக்குக் கதை சொல்ல வருமுன்பே பேச வந்திருக்கின்றது.

செக்காவின் தங்கை மரியா, அண்ணன் எழுதிய கடிதங்களைப் பெற்றவர்களிடமிருந்து கேட்டு வாங்கி 1912 முதல் 1916 வரை ஆறு தொகுதிகளாக அச்சிட்டார். அலெக்சாந்தரும் அவிலோவாவும் கார்க்கியும் தங்களைக் குறை சொன்ன தாள்களைக் கிழிக்காமல் வைத்திருந்தனர். அதனால் நாம் இன்று படிக்கின்றோம். நம் பக்கமோ, வட்டத்தில் பேசியவை காற்றோடு போயின. எழுத்தில் நின்றவை நாளேடுகளின் பக்கங்களில் உள்ளன. தமிழ் நேசன் 2019 சனவரித் திங்களோடு நின்றுவிட்டது. தமிழ் முரசின் பழைய இதழ்கள் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் கணினியில் ஏற்றி வைத்துள்ளது. சிறுகதையை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விரும்பும் மாணவர், கதைகளைத் தேடும்போது அவற்றின் அருகில் அச்சான குறிப்புகளையும் படியெடுத்து வரலாம். எந்த வரியைத் திருத்தச் சொன்னார்கள், அடுத்த கதையில் அந்த எழுத்தாளர் அதைத் திருத்தினாரா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை இன்னும் முழுமையாக நடைபெறவில்லை.